ஓட்டோவில் சேர்த்த பெயர்

இன்று காலை எழுத உட்கார்ந்தால் கதை நகரமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை எழும்பித் தேநீர் குடித்தாயிற்று. மூன்றாம் தடவை எழும்பியபோது கைபேசிக்கு ஒரு மரண அறிவித்தல் வந்தது. படம், பூமாலை, பெயர்கள். சத்தமே இல்லை. எனக்கோ உடனே மூக்கில் வெற்றிலை மணம் அடித்தது.

அது மைக்கின் பஞ்சில் ஊறியிருந்த மணம். எனக்கு முன்பு வாசித்தவர் விட்டுப்போனது. வேலையில்லாமல் திரிந்த காலத்தில், நண்பனின் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஊர் ஊராக மரண அறிவித்தல் வாசித்தவன் நான். எழுத எங்கே பழகினீர்கள் என்று கேட்பவர்களிடம் பெரிய புத்தகங்களைச் சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் பழகியது அந்த ஓட்டோவில்தான்.

ஓட்டோ நிற்காது. ஒரு வீட்டைக் கடக்கிற நேரத்துக்குள் இறந்தவர் யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு அடக்கம், எல்லாம் காதில் விழவேண்டும். முதல் நாள் நான் 'மண்ணுலக வாழ்வை நீத்து' என்று இழுத்துக்கொண்டிருக்க, மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை உதறியபடி பின்னால் ஓடிவந்தார்.

"செத்தது ஆருகா தம்பி? அத முதல்ல சொல்லுங்க!"

என் எழுத்துக்கு இதைவிட நல்ல திருத்தம் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒருமுறை தேற்றாத்தீவில் கணபதிப்பிள்ளை என்பவர் இறந்தார். மூத்த மகன் எழுதித் தந்த துண்டில் நான்கு ஆண்பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. நாவற்குடாவுக்குள் திரும்பும்போது நண்பன் சொன்னான்: "இந்த ரோட்டிலதான் அவர்ர மகள் புவனேஸ்வரி இருக்கா. விரும்பிக் கட்டினதால வீட்டில சேக்கிறதில்ல."

அறிவித்தலில் பெயர் விடுபட்ட பிள்ளை சாவீட்டுக்குப் போகத் தயங்கும். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையே அந்தத் துண்டில் இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'புவனேஸ்வரி ஆகியோரின் அன்புத் தந்தையும்' என்று நானே சேர்த்து வாசித்தேன், அந்த ஒரு ரோட்டில் மட்டும். நான் கற்பனையாகச் சொன்ன முதல் வரி அதுதான். அதைக் கேட்டு ஒரு பெண் வாசலுக்கு ஓடிவந்து அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பின்னேரம் அவர் வெள்ளைச் சேலையோடு தேற்றாத்தீவுக்கு வந்தார். நாங்களும் பந்தலுக்கு வெளியேதான் நின்றோம். மூத்தவர் குறுக்கே வந்தார்.

"உன்ன ஆரு வரச்சொன்ன?"

"நீங்கதானே அண்ணன் என்ட பேரையும் சொல்லுவிச்சீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயா சேத்த?"

"இல்ல அண்ணன். துண்டில இருந்ததத்தான் வாசிச்சன். அக்காக்குப் பிழையாக் கேட்டிருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போனார்.

கதைக்குள் ஓர் ஆளைக் கொண்டுவருமுன் இப்போதும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஆள் நம்பி வந்து நின்றால் அவர் பக்கம் நிற்பேனா என்று கேட்காமல் ஒரு வரியும் ஓடுவதில்லை. இதை அந்த அக்காவின் செலவில் பழகினேன் என்பதுதான் சரியில்லை.

பல வருடம் கழித்து நாவற்குடாவுக்குப் போனேன். அக்கா இருந்த வளவில் யாரோ மாடிவீடு கட்டியிருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. "நான்தான் சேத்தன் அக்கா" என்று மூன்றே சொல் சொல்லப் போயிருந்தேன்.