சின்ன எழுத்துல அடி

என் தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தடவைகூட அவள் ஊர் வரவில்லை. மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் அவளை வெளியே விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவள் அங்கே பிரௌசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்காருவது, நான் இங்கே மர்பி டவுன் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது, நம்ம நேரத்துக்கு நாலிலிருந்து ஐந்து வரை முகம் பார்த்துப் பேசுவது என்று என் மகள் ஏற்பாடு செய்திருந்தாள். இதுதான் முதல் தடவை.

மகளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அடிக்கடி வைரஸ் வந்ததால், இருந்ததை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். அன்று காலை எனக்கு ஒரு முறை எல்லாம் காட்டினாள். சுவிட்சைப் போடு, படம் வரும், பச்சைப் பொம்மைமேல் ரெண்டு தட்டு தட்டு, அவ்வளவுதான். எழுத்து எதுவும் அடிக்க வேண்டியதில்லை. அதற்குள் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ம்மா, அதை மூடிடு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நானும் மூடினேன். பழைய புடவையில் நானே தைத்த உறை ஒன்று இருந்தது. அதைத் தலையோடு போர்த்தி, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு தடவை ஒயர் கருகியதிலிருந்து, வேலை முடிந்தால் சுவிட்சை அணைத்தே ஆகவேண்டும் என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

மூன்றரைக்கே புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டால் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி ஓடி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

போன் கூடத்தில் இருந்தது. அதன் ஒயர் உள் அறைக்கு எட்டாது. அதனால் மகளைக் கூப்பிட்டு ரிசீவரை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். என் குரல் எனக்கே கேட்காது.

"கடைசியில என்னா எழுதியிருக்குன்னு கேக்கறா, படி."

நான் படித்தது கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஐந்தாவது வரைக்கும். இங்கிலீஷில் பெரிய ஏபிசிடி மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சின்னது அடுத்த வருஷம் என்றார்கள். அந்த அடுத்த வருஷம் எனக்கு வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"ஆர், யூ, என். அப்புறம் குடைப்பிடி மாதிரி ஒண்ணு, குறுக்கால கோடு. அப்புறம் எஸ், சி, கே."

"குடை இருக்குதாம்" என்றார் அவர் போனில்.

மகளுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. "நான் மூடச் சொன்னது அதை இல்லம்மா" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. அப்புறம் இவர் சொன்னார்: "திரையில மூடிட்டு அப்புறம்தான் சுவிட்சை அணைக்கணுமாம். இப்ப ரூட்டுக்குப் பாஸ்வேர்டு போடணுமாம். எந்த ரூட்டுடி? ரூட்டு நம்பரை என்னைக் கேளு, மொத்தமும் சொல்றேன்."

"சும்னே இருங்க. மணி நாலாச்சு."

எட்டு எழுத்து. அவர் ஒவ்வொன்றாகக் கூவினார். "எல்லாம் சின்ன எழுத்துல அடிக்கணுமாம்."

கீபோர்டைப் பார்த்தேன். ஒரு சின்ன எழுத்துகூட இல்லை. எல்லாம் பெரிய எழுத்து. மேலே தேடினேன், ஓரத்தில் தேடினேன். வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. அப்புறம், மகள் என்றைக்கோ இடது பக்கத்து நீளக் கட்டையைக் காட்டி, இதை அமுக்கினால் எழுத்து மாறிவிடும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. இருப்பது பெரியது, மாறினால் சின்னதாகத்தானே ஆகவேண்டும்? அமுக்கினேன். பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. நிம்மதியாக இருந்தது.

எட்டும் அடித்தேன். திரையில் ஒன்றுமே விழவில்லை.

"விழாதாம், பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாதாம். அடிச்சுட்டு என்டரைத் தட்டு."

தட்டினேன். தப்பு என்று வந்து மறுபடி கேட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி தப்பு. ஆறு தடவையோ ஏழு தடவையோ. நாலேகால், நாலரை. மகளை அங்கே யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிட, அவள் போனை வைத்துவிட்டுப் போய், அப்புறம் திரும்பக் கூப்பிட்டாள். தங்கை அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்க நினைக்க எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ரோட்டில் போடலாம் போலிருந்தது.

"பக்கத்துத் தெருவில கம்ப்யூட்டர் சென்டர் இருக்குதே, போயேன்" என்றார் வீட்டுக்காரர்.

முன்பின் தெரியாதவர்கள் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து ஆறு வருஷத்துப் பேச்சை நான் எப்படிப் பேசுவது? போகவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

கடைசியில் மகள் கேட்டதை அவர் கூவினார்: "கீபோர்டுல பச்சை லைட்டு எரியுதான்னு கேக்கறா."

"எரியுது. நான்தான் போட்டேன். சின்ன எழுத்து வேணும்னு சொன்னாளே."

நான் சொன்னதை அவர் அப்படியே போனில் கூவினார். அப்புறம், "அதை அணைக்கச் சொல்றா" என்றார்.

அணைத்து அடித்தேன். உடனே திறந்துகொண்டது. அடுத்து அவள் அடிக்கச் சொன்னதில் முதல் எழுத்து எஃப். பெரிய எஃப்பைத்தான் அமுக்கினேன். திரையில் குடைப்பிடி விழுந்தது. மேலே பெரியதாக இருந்தாலும் உள்ளே சின்னதுதான் போகிறது. இதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் போதும். பாஸ்வேர்டில்தான் எதுவும் தெரியாதே.

அது தன்பாட்டுக்கு எதையோ சரிபார்த்துக்கொண்டு ஓடியது. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் வந்தபோது மணி ஐந்து பத்து. பச்சைப் பொம்மைமேல் ரெண்டு தட்டு தட்டினேன். தங்கையின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

கீழே ஒரு சின்னக் கட்டத்தில் அவள் அடித்துவிட்டுப் போனது இருந்தது. ஏ கே கே ஏ, அக்கா. அதற்குக் கீழே மறுபடி ஏ கே கே ஏ. ஒன்பது வரி, எல்லாம் பெரிய எழுத்து. அவளும் அதே ஸ்கூலில் என்னோடு படித்தவள்தான். தனக்குத் தெரிந்த எழுத்து வருவதற்காக அவளும் அந்த விளக்கைப் போட்டிருக்கிறாள். அவளுக்கு அது வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே போன் பண்ணினாள்.

"ஏன்க்கா வரல? என் மூஞ்சியையே ஒரு மணி நேரம் பாத்துக்கினு இருந்தேன்."

சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உறையிலிருந்தா, விளக்கிலிருந்தா?

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.