அவர் சொன்ன மாமா

இன்று மத்தியானம் செங்கம் ரோட்டு டீக்கடையில் ஒரு ஜார்ஜிய நாவலை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த வெளிநாட்டுப் பெண் அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஜார்ஜியாவிலிருந்து எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்தவராம்!

"சின்ன வயதில் என் மாமா இதைப் படித்துக் காட்டுவார். போன மாதம் இறந்துவிட்டார்," என்றார் ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்துக்கு நடுவே 'மாமா' என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துக்கம் விசாரிப்பதை விட்டுவிட்டு, எங்கள் ஊரிலும் தாய்மாமாவை மாமா என்றுதான் கூப்பிடுவோம், காது குத்துவதே அவர் மடியில்தான் என்று ஆரம்பித்துவிட்டேன்.

அதோடு விட்டேனா?

"அப்பா படித்துக் காட்ட மாட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவரைத்தான் சொன்னேன். எங்கள் மொழியில் அப்பாதான் மாமா."

நான் ஸாரி சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார்.

கடைக்கார அண்ணன் கேட்டார்: "என்னம்மா, அந்தம்மா டீயை அப்படியே வெச்சுட்டுப் போறாங்க? சர்க்கரை ஜாஸ்தியாயிடுச்சா?"

"இல்லண்ணா. நான்தான் ஜாஸ்தியா பேசிட்டேன்."

ஒரு வருடமாக ஜார்ஜிய இலக்கியத்தைப் பற்றி இங்கே உங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்த புத்தகங்களில் எல்லா அப்பாக்களும் 'ஃபாதர்'தான். இவருக்கு மட்டும் அந்த ஒரு சொல் ஆங்கிலத்தில் வரவில்லை.

அம்மாவை ஜார்ஜிய மொழியில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். நான் அடுத்த ஆளிடம் வாயைத் திறப்பதற்குள்.