விழுந்ததும் தொட்டுப் பார்த்தவர்

பாரிஸில் படித்தபோது, ஒரு வார இறுதியில் நண்பர்களோடு பனிச்சறுக்கு விளையாடப் போனேன். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுபவர். நரைத்த மீசை, இரவல் ஜாக்கெட்.

"மகள் பள்ளிக்கூடத்தோட போய்ச் சறுக்கப் பழகிட்டாள் தம்பி. 'அப்பா, உங்களால ஏலாது' எண்டு பிரெஞ்சிலயே நக்கலடிக்கிறாள். விழாமல் ஒருக்கா இறங்கோணும். நீர்தான் வீடியோ எடுக்கோணும்."

சிறுவர்களுக்கான சரிவிலேயே இரண்டு நாளும் விழுந்தார். விழுந்ததும் கையுறையைக் கழற்றி, உள்பையிலிருந்த, பிரான்சில் தங்க அனுமதிக்கும் வதிவிட அட்டையைத் தொட்டுப் பார்ப்பார். முழங்காலைத் தடவுவது அதற்குப் பிறகுதான்.

"அதை ரூம்லயே வச்சுட்டு வரலாமே அண்ணே?"

"ஓம், வைக்கலாம். பத்து வருசம் அது இல்லாமல் திரிஞ்சனான் தம்பி."

ஞாயிறு மாலை, பேருந்து கிளம்ப அரைமணிதான் இருந்தது. நாங்கள் சறுக்குக் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் மட்டும் மறுபடி ஏறினார். பல்லைக் கடித்து, வளைந்து வளைந்து, விழாமலேயே, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றார். பழக்கதோஷத்தில் கையுறையைக் கழற்றினார். பைக்குப் போன கை பாதியில் நின்று, மேலே உயர்ந்து, மகளுக்காகக் கேமராவை நோக்கி அசைந்தது.

"பார்த்தியே பிள்ளை!"

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. கை திரும்பும் அந்த நொடியைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.