நெமெசியோ கட்டிய மணிக்கோபுரம்

கணவாய்க்கு ஏறுவதற்கு முன்னால் நெமெசியோ அண்ணன் ஒரு காரியம் செய்வார். பையிலிருந்து கிழியாத கோக்கா இலையாக மூன்று பொறுக்கி, விசிறி மாதிரி விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் பனிமலையைப் பார்த்து ஊதுவார். இது எங்களில் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் மழை வேண்டாம், கால் வழுக்க வேண்டாம் என்று கேட்பார்கள். அண்ணன் மலையிடம் அன்றைய சமையலைச் சொல்வார்.

“ஐயா, மத்தியானம் கீன்வா சூப். அப்புறம் ஆத்து மீனு, உருளைக்கிழங்கு. சாயங்காலம் கோழி. மூணு மணிக்கு மேல காத்த அனுப்பாத, அடுப்பு அணைஞ்சிரும்.”

நாலு நாள் நடையில் மூன்றாம் நாள் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடும். “கேக்கப் பத்தி மட்டும் சொல்ல மாட்டேன். அது ரகசியம்.”

பதினொரு வருஷமாக நான் இதைக் கேட்டிருக்கிறேன். மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்துக்கு மலைவழியாக நடந்து போகும் பயணிகளுக்கு அவர் சமைப்பார், அவருடைய சமையல் கூடாரத்தில் நான் உதவிக்காரி. முட்டை அட்டைகளைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு நாள் நடப்பதும் வெங்காயம் உரிப்பதும் என் வேலை. நான் அதிகம் பேச மாட்டேன். அதனால் அண்ணன் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வார். “டோமித்திலா, உப்புப் போதுமான்னு கேக்குறியா? போதும்” என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லுவார்.

அவர் ஒல்லாந்தைதாம்போவுக்கு மேலே உள்ள ஊர்க்காரர். முதலில் சாப்பாட்டு மேசையை முதுகில் கட்டிக்கொண்டு வந்த சுமைகாரர். அப்போதிருந்த சமையல்காரருக்கு ஒருநாள் வழியில் வயிறு கெட்டது. தான் வைத்த சூப்பைத் தானே குடித்ததால் வந்தது என்பார்கள். அன்றைக்குக் கரண்டி இவர் கைக்கு வந்தது. பிறகு ஒரு சேவலைக் கொடுத்து அந்த ஆளுடைய உயரமான வெள்ளைத் தொப்பியையும் வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு யார் தலையில் தொப்பி இருக்கிறதோ அவர்தான் மாஸ்டர். கணவாயில் காற்று ஆளையே தள்ளும். அண்ணன் தொப்பியைத் தாடைக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முள்ளங்கி ஏறி வருவது போல இருக்கும்.

இனி கேக். கடைசி முகாமில் மாலை டீயோடு பயணிகளுக்கு ஒரு கேக் வைப்பது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம். அடுப்பில் பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்து வேகவைப்பது. மற்ற சமையல்காரர்கள் அதன்மேல் ‘நல்வரவு’ என்று எழுதுவார்கள். எங்கள் அண்ணன் மச்சு பிச்சுவையே கட்டிவிடுவார். படிக்கட்டு வயல்களுக்குப் பச்சை ஜெல்லி, சுவர்களுக்குப் பிஸ்கட், லாமாக்களுக்கு உலர்ந்த திராட்சை. நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மணிக்கோபுரம். உள்ளே முள்ளங்கியில் செதுக்கிய மணி, ஊதினால் ஆடும்.

அந்தக் கோபுரம் அவர் ஊர்த் தேவாலயத்துக் கோபுரம். அது எனக்குத் தெரியும், அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். இன்கா நகரத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அப்போது தெரியாது. ஏனென்றால் எங்களில் யாருமே அதுவரை அந்த நகரத்தைப் பார்த்ததில்லை. நாலாம் நாள் விடியுமுன் பயணிகள், நகரம் முதலில் கண்ணில் படும் சூரிய வாசல் பக்கம் நடப்பார்கள், நாங்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ரயிலைப் பிடிக்க இறங்கி ஓடுவோம். அண்ணன் பத்தொன்பது வருஷம் அப்படி ஓடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக்காரர்களை இலவசமாக உள்ளே விடுகிறார்களே, ஒரு தடவை போகக் கூடாதா என்று யாராவது கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

“வாரா வாரம் நானே கட்டுறேன். போய் என்னத்தப் பாக்க?”

வெள்ளைக்காரப் பயணிகள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றுவிடுவார்கள். வழிகாட்டிகள் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள். இப்படியே போயிருக்கும், எர்மெலிண்டா டீச்சர் பயணியாக வராமல் இருந்திருந்தால்.

டீச்சர் அரெகீப்பாக்காரர். முப்பது வருஷம் வடிவக்கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு கைத்தடிகளை ஊன்றி, எங்கள் சுமைகாரர்களையே இரண்டு இடத்தில் முந்தினார். கேக் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது என்ன, புகைபோக்கியா?”

“மணிக்கோபுரம், டீச்சரம்மா” என்றார் அண்ணன்.

“எந்த ஊர்ல?”

“மச்சு பிச்சுல.”

“நான் ரெண்டு தடவை ரயில்ல வந்து பாத்திருக்கேன். அங்க கோபுரம் கிடையாது.”

“அரெகீப்பாக்காரங்க ரயில்ல வந்தா பாதிதான் காட்டுவாங்க.”

சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே சுமைகாரர்கள் சிரித்தார்கள். வழிகாட்டி விளாதிமீருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவன் சிரித்தது வேறு காரணத்துக்கு. குஸ்கோவில் பட்டம் வாங்கிய பையன், எங்களோடு அதுதான் முதல் நடை.

“மாஸ்டர், நெசமாவே இருக்குன்னு நெனச்சுத்தான் வைக்கிறீங்களா? மணிய நம்ம நாட்டுக்குக் கொண்டாந்ததே ஸ்பானியர்கள். அவங்க அந்த ஊருக்கு வரவே இல்லையே.”

“வந்தவன் போனவன் கணக்கெல்லாம் உனக்குத் தெரியும் தம்பி. கோபுரம் எனக்குத் தெரியும்.”

“எந்தப் படத்துலயாவது பாத்திருக்கீங்களா?”

இதற்குத்தான் அண்ணன் காத்திருந்தார் போல. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கே, கவனிச்சியா? உசரத்துல இருந்து கீழ பாத்து எடுத்தது. அவ்வளவு உசரத்துல படம் எடுக்கிறவன் எங்க நிக்கிறான்? பறவையா அவன்? கோபுரத்து மேல ஏறி நின்னு எடுக்கிறான். கோபுரத்து மேல நின்னு எடுத்தா கோபுரம் எப்படிப் படத்துல விழும்?”

டீச்சர் ஒரு விரலால் மேசையில் ஏதோ கோணம் போட்டுப் பார்த்தார். “வாதத்துல தப்பில்ல” என்றார். “கோபுரம்தான் இல்ல.”

அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார். கூடாரத்துத் துணியை விலக்கி, வெளியே தெரிந்த மலையைக் கையால் காட்டிச் சொன்னார்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நானே வரேன். அங்க கோபுரம் இல்லன்னா இந்தத் தொப்பிய டோமித்திலா தலையில வச்சுட்டு, நான் வெங்காயம் உரிக்க உக்காந்துக்கிறேன். மலை கேட்டுக்கிட்டிருக்கு.”

மலையைச் சாட்சி வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தொப்பி கேட்டவள் நான் இல்லை.

எங்கள் தலைமைச் சுமைகாரர் காசியானோ வெளியிலிருந்து தலையை நீட்டினார். “மாஸ்டர், வெங்காயம் உரிச்சா கண்ணு எரியும். இப்பவே ரெண்டு எடுத்துப் பழகிக்கங்க.”

“உன் பங்கு கேக்குல கோபுரம் கிடையாது, போ.”

சாட்சிக்கு யார் போவது என்று சுமைகாரர்களுக்குள் பேச்சு வந்தது. காசியானோ என்னைக் காட்டினார். “இவ போகட்டும். இவ வாயத் தொறக்கிறதே இல்ல, பொய் எங்க சொல்லப்போறா?” எங்கள் இரண்டு பேர் சுமையையும் மற்றவர்கள் பங்கு போட்டுத் தூக்குவது, கூலியாக மீதி கேக் முழுவதும் அவர்களுக்கு என்று முடிவாயிற்று.

காலையில் முதுகில் சுமையில்லாமல் நடந்தது எனக்கு விநோதமாக இருந்தது. இரண்டு தடவை முன்னால் விழப் பார்த்தேன். கையில் முட்டை இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. அண்ணன் தொப்பியைத் துவைத்துப் போட்டிருந்தார், அது இன்னும் காயவில்லை.

சூரிய வாசலுக்கு வந்தபோது கீழே ஒன்றுமே தெரியவில்லை. பானைக்குள் பார்த்த மாதிரி ஒரே ஆவி. பயணிகள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தார்கள். அண்ணன் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

“உள்ளதான் இருக்கு” என்றார் மேகத்தைப் பார்த்து.

பிறகு ஒரு ஓரத்தில் மேகம் கிழிந்தது. பச்சையாகப் படிக்கட்டு வயல்கள்.

“ஜெல்லி” என்றார் அண்ணன். “சரியா இருக்கு.”

இன்னும் கொஞ்சம் விலகியது. வரிசையாகச் சுவர்கள்.

“பிஸ்கட். நான் இன்னும் கொஞ்சம் நெருக்கி அடுக்கணும்.”

புல்வெளியில் நாலைந்து புள்ளிகள் நகர்ந்தன.

“திராட்சை” என்று டீச்சர் முந்திக்கொண்டு சொன்னார். அண்ணன் அவரை மரியாதையாகப் பார்த்தார்.

கடைசியில் மேகம் முழுக்க ஏறிப் போய்விட்டது. நகரம் மொத்தமும் வெயிலில் கிடந்தது. நான் எவ்வளவோ படங்களில் பார்த்த அதே ஊர், ஆனால் அவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை. கோபுரம் இல்லை. விளாதிமீர் தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“கூரையக் காணோம்” என்றார் அண்ணன்.

“கூரையெல்லாம் அழிஞ்சுபோச்சு மாஸ்டர். புல்லுக் கூரை.”

“அழிஞ்சுபோன கூரை இருந்துச்சுன்னு நீ சொன்னா நான் நம்புறேன். நான் கோபுரம் இருந்துச்சுன்னு சொன்னா நீ நம்ப மாட்டேங்கிற.”

விளாதிமீர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தான்.

“இருக்கட்டும். படம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. எதுவா இருந்தாலும் அங்கதான்.”

பயணிகள் ஏழு பேரும் பின்னால் வந்தார்கள். விளாதிமீர் நாலு நாளாகச் சொன்ன வரலாற்றுக்குக்கூட அவர்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்து வரவில்லை. வழியில் பார்த்த ஒரு காவலாளி, ஈரத்தொப்பி போட்ட சமையல்காரர் தலைமையில் ஊர்வலம் வருவதைக் கண்டு விசிலை வாய்க்குக் கொண்டுபோய், எதற்கு ஊதுவது என்று தெரியாமல் இறக்கிவிட்டான்.

படம் எடுக்கிற இடம் மலைச்சரிவில் ஒரு மேடு. எல்லோரும் ஏறி நின்று எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் கல்லால் கட்டிய ஒரு சின்ன வீடு, புல் வேய்ந்தது. அண்ணன் நகரத்தைப் பார்த்தார், படத்தில் இருப்பது போலவே இருந்தது. காலுக்குக் கீழே பார்த்தார், புல். மேட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு அந்தக் கல்வீட்டுக்குள் குனிந்து அண்ணாந்து பார்த்தார். அவர் ரொம்ப நேரம் தலையை உள்ளேயே வைத்திருந்தார்.

விளாதிமீர் நல்ல பையன். குரலைத் தாழ்த்தி, “மாஸ்டர், இது காவல்வீடு. ஒசரத்துல இருக்கு. வேணும்னா இதையே கோபுரம்னு வச்சுக்கலாம்” என்றான்.

“வச்சுக்கலாம்” என்று டீச்சரும் சொன்னார். “நான் ஆட்சேபிக்கல.”

பயணிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் ஆமாம் என்றால் போதும், கதை முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம் போலச் சும்மா நின்றேன். ஆனால் என் கண் கூரைப் பக்கம் போயிருக்க வேண்டும்.

“மணி இல்ல” என்றார் அவர். “விடுங்க.”

தாடைக்குக் கீழே முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. டீச்சர்தான் நகத்தால் அவிழ்த்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவருடைய உச்சந்தலையை நான் அன்றுதான் பார்த்தேன். வெயில் படாமல் முட்டை மாதிரி வெளுத்திருந்தது. தொப்பியை என் தலையில் வைத்தார். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. பயணிகள் கைதட்டினார்கள் என்று நினைக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ரயிலில் காசியானோ என்னை ஒருதடவை ஏற இறங்கப் பார்த்தார். “மாஸ்டர், பசிக்குது” என்றார் என்னிடம். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நடையில், கணவாய்க்கு முன்னால், மூன்று இலையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வெறுமனே ஊதினேன். மலைக்கு என் சமையல் என்னவென்று தெரியாமல் போகப்போகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னும் மூன்று இலை எடுத்தார்.

“ஐயா, இவ டோமித்திலா. இப்ப இவதான் மாஸ்டர். மத்தியானம் மக்காச்சோள சூப்பு.” இலைகளைக் கொஞ்சம் இறக்கினார். “பத்தொம்பது வருஷமா உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். நீ அந்த ஊரத் தெனம் குனிஞ்சு பாக்குற. அங்க கோபுரம் இல்லடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

இலைகளை மலையைப் பார்த்து ஊதினார்.

“சரி. கேக்கப் பத்தி நான்தான் உங்கிட்ட சொல்லல.”

அந்த வாரம் நான் கோபுரம் இல்லாமல் கேக் செய்தேன். அங்கே பார்த்தது போலவே, சுவர், வயல், லாமா. பயணிகள் தங்கள் போனில் பழைய பயணிகள் போட்ட படங்களை எடுத்துக் காட்டி, கோபுரம் எங்கே என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் அதைப் பார்க்கத்தான் இந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன் என்று விளாதிமீரிடம் புகார் சொன்னாள். அவன் சமையல் கூடாரத்துக்கு வந்து என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு முள்ளங்கியை எடுத்தார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தொப்பி என்னிடம் இருக்கிறது. உள்ளே ஒரு பாத்திரத் துணியை மடித்து வைத்துப் போட்டுக்கொள்கிறேன். அண்ணன் வெங்காயம் உரிக்கிறார், மணி செதுக்குகிறார், உப்புப் போதுமா என்று இப்போது நிஜமாகவே என்னிடம் கேட்கிறார். மலையிடம் சமையலைச் சொல்வதும் அவர்தான், கேக் உள்பட. கேக்கில் கோபுரம் இருக்கிறது. மச்சு பிச்சுவில் இல்லை.