இருவர் மட்டும் பேசிய பாஷை

என் இரட்டைப் பெண்கள் மல்லிகாவும் கஸ்தூரியும் நான்கு வயதாகியும் தமிழ் பேசவில்லை. தங்களுக்குள் மட்டும் ஏதோ ஒரு பாஷை பேசிச் சிரிப்பார்கள். தெருப் பிள்ளைகள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நானும் தேவைப்படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்த வருஷம் கும்மிடிப்பூண்டியில் அம்மை பரவியது. மல்லிகா போய்விட்டாள். அவளைத் தூக்கிச் சென்றபோது கஸ்தூரி வாசலில் நின்று, "குவ்வே! குவ்வே!" என்று கத்தினாள். அதன்பிறகு தினமும் சாயங்காலமானால் வாசலில் நின்று அதையே கத்துவாள். வேறு பேச்சே இல்லை. தாங்கமுடியாமல் ஒருநாள் அவள் வாயைப் பொத்தினேன்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரியின் குடும்பம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது. அவர்களுடைய ஏழு வயது மகள் பாத்திமா, கஸ்தூரியை விடாமல் விளையாட இழுத்துக்கொண்டு போவாள்.

ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் "குவ்வே!" என்று கேட்டது. அது கஸ்தூரியின் குரல் இல்லை. கையிலிருந்த செம்பு நழுவி விழ, ஓடினேன். கூப்பிட்டது பாத்திமா. வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து கஸ்தூரி சிரித்தபடி வெளியே வந்தாள்.

"அது இன்னாடி, குவ்வே?" என்றேன்.

"அதுவா அத்தே? ஒளிஞ்சிகினு ஆடறப்போ சொல்றது. நீ ஆப்டவே இல்ல, நான் தோத்துட்டேன், வெளியே வான்னு அர்த்தம். கஸ்தூரிதான் ஆடிக் காட்டிச் சொல்லிக் குடுத்தா."

கஸ்தூரி அவளிடமே தமிழ் கற்றாள். தெருவெல்லாம் சிநேகிதிகள் சேர்ந்தார்கள். அந்தச் சொல்லை அடியோடு மறந்தும் போனாள்.

ஏரிக்கரை இடுகாட்டைத் தாண்டும்போது பக்கத்தில் ஆளில்லையென்றால், நான் மட்டும் இன்னும் அதை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.