வாலுள்ள பயணிகள்

ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்ட்டை நம்பாதே என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நாய் பூனைகளை அனுப்புகிற ஏஜென்ட்டை என்ன செய்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அடையாறு பஸ் டிப்போ பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். விசா வரிசையில் நின்று கால் கடுத்தவர்களே, 'இந்த போட்டோவில் காது தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களே, நீங்கள் எல்லாம் என் இனம். ஒரே வித்தியாசம், என் பயணிகளுக்குக் காது எப்போதும் நன்றாகத் தெரியும்.

கோபம் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதைப் பொறுத்துக்கொண்டவர்களைப் பற்றித்தான் இது.

எலுமிச்சம்பழம்

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். மகன் துபாயில் இருக்கிறான், அவனுக்கு வீட்டில் வளர்த்த ராஜபாளையம் நாயை அனுப்ப வேண்டும். காகிதமெல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. பயண நாளன்று காலையில் பேண்ட் சட்டையோடு நான் தயாராக நிற்க, அண்ணாச்சி பஞ்சாங்கத்தோடு தயாராக நின்றார். ராகு காலம் முடியாமல் நாய் கூண்டில் கால் வைக்கக்கூடாதாம். விமானம் ராகு காலத்தில் பறந்தால் பரவாயில்லையா என்று எரிச்சலோடு கேட்டேன். அது விமானக் கம்பெனிக்காரன் பாடு என்றுவிட்டார்.

சரக்கு வாசலில் கூண்டை டிராலியில் ஏற்றியதும் மடியிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தார். புது வண்டிக்கு வைப்பது போலத்தான். காவலுக்கு நின்ற இளைஞர் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அண்ணாச்சியிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: "ஐயா, நாயை ஸ்கேன் பண்ணியாச்சு. இந்தப் பழத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு நானே வச்சு ஏத்திடறேன், நீங்க கவலைப்படாதீங்க."

என்ன சாப்பிடும்?

கூண்டின் மேல் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். வழியில் தாமதமானால் இந்தப் பிராணிக்கு என்ன கொடுக்கலாம் என்று அதில் எழுத வேண்டும். மயிலாப்பூர் லலிதா மாமியின் பூனை அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போகிறது. மகள் விட்டுவிட்டுப் போன பூனைதான். மாமி தனியாகத்தான் இருக்கிறார். இதுவும் போனால் வீட்டில் பேச ஆள் கிடையாது. ஆனாலும் மகள் கேட்டுவிட்டாள் என்று அனுப்புகிறார்.

"தயிர் சாதம்" என்று எழுதச் சொன்னார். முந்தின நாள்தான் மருத்துவர் பூனையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நெத்திலி வாடை ஊரைத் தூக்குகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மாமி முகம் மாறவே இல்லை. "வெளில போய் அது என்ன சாப்பிடறதோ, அது அதோட சொந்த விஷயம். ஆத்துல தயிர் சாதம்தான். ஆத்துல நடக்கறத எழுதுங்கோ."

நனையாத காகிதம்

யோகேஸ்வரி அக்கா வந்தது ஒரு மழை நாளில். கையில் தையல் மிஷினில் தானே தைத்த ரெக்சின் பை. இலங்கையிலிருந்து இளவயதில் அகதியாக வந்தவர். முகாமில் இருந்து, கணவரை இழந்து, பிறகு பெசன்ட் நகரில் வாடகை அறையில் தையல் வேலை. மகன் எப்படியோ வட ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நிலைத்து, இப்போது அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டான். அடுத்த மாதம் பயணம். தேதியை மாற்ற முடியாது. மாற்றினால் முதலிலிருந்து எல்லாம். அக்காவோடு ஒரு நாயும் போக வேண்டும். ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கப் போனபோது பின்னாலேயே வந்துவிட்ட கறுப்பு நாய். பெயர் கறுவல்.

பையிலிருந்து கறுவலின் ஊசிச் சான்றுகளை எடுத்து வைத்தார். ஒரு வருஷமும் தவறவில்லை. ஆனால் எல்லாவற்றையும் லேமினேட் செய்திருந்தார்! லேமினேட் செய்த காகிதத்தில் எந்த அதிகாரியும் முத்திரை குத்த முடியாது. அது போகட்டும் என்றால், அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. அந்த நாட்டு விதிப்படி முதலில் நாயின் தோலுக்கடியில் அடையாள எண் உள்ள சிப் வைக்க வேண்டும். சிப் வைத்த பிறகு போட்ட வெறிநாய் ஊசிதான் கணக்கு. முன்னால் போட்டதெல்லாம் எந்த நாய்க்குப் போட்டதோ, யார் கண்டது? புதிதாக ஊசி, ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதம் காத்திருப்பு. அக்கா போகும் தேதிக்குள் கறுவல் போகவே முடியாது.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதி மேல் வந்த கோபத்தை, வழக்கம்போல, எதிரில் இருந்தவர் மேல் காட்டினேன். யாராவது சான்றிதழை லேமினேட் செய்வார்களா என்று கத்தினேன். அக்கா அந்த அட்டைகளை முந்தானையால் துடைத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். "கடலால வந்த சனம் தம்பி நாங்கள். எந்தப் பேப்பரைக் கண்டாலும் நனையாம வைக்கோணும் எண்டுதான் முதல் நினைப்பு வரும்."

புதுச் சண்டை, பழஞ்சண்டை

அன்று இரவு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சலுகை உண்டு. ஐரோப்பாவில் சண்டை மூண்டு சனங்கள் நாய் பூனைகளை மார்பில் அணைத்துக்கொண்டு எல்லை தாண்டியபோது, பல நாடுகள் விதியைத் தளர்த்தின. முதலில் உள்ளே வாருங்கள், சிப்பும் ஊசியும் நாங்களே போடுகிறோம் என்றார்கள். அதைப் படித்தபோது உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அக்கா போகிற நாடும் அந்தச் சலுகை தந்த நாடுதான். இவரும் அகதிதானே, இவர் நாய்க்கும் பொருந்துமா என்று அவர்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையான பதில் உடனே வந்தது. தெரிந்துகொள்ளுங்கள், மரியாதையான பதில் உடனே வந்தால் அது 'இல்லை' என்றுதான் இருக்கும். சலுகை அந்த ஒரு நாட்டுச் சண்டையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு வருத்தம்கூட இல்லை, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "அது புதுச் சண்டை தம்பி. எங்கடது பழசு. பழஞ்சண்டைக்கு ஆர் கதவு திறப்பினம்?"

வாசலில் மீன்

ஒரு வாரம் கழித்து அக்கா வந்து, தான் போகவில்லை என்றார். மகனிடம் சொல்லிவிட்டாராம். நாயை மறுபடி தெருவில் விட்டுவிட்டு விமானம் ஏற மாட்டாராம். தன்னை விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர், தான் அதைச் செய்ய மாட்டாராம். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மகனை நினைத்துப் பாருங்கள் என்றேன், இந்த அனுமதி இன்னொரு தடவை கிடைக்காது என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர அசையவில்லை.

பூனை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்கு எனக்கு அதிரசம் கொண்டுவந்த லலிதா மாமி, பக்கத்து நாற்காலியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று அக்காவின் கையைப் பிடித்தார். "நீங்க புள்ளையண்ட போங்கோ. நாலு மாசமோ அஞ்சு மாசமோ, அது எங்காத்துல இருக்கட்டும். பூனை போனதுலேர்ந்து ஆத்துல எல்லாமே வெறிச்சோடிக் கெடக்கு" என்றார். நாய் மீன் சாப்பிடுமே என்று அக்கா தயங்கினார். பழகிக்கும் என்றார் மாமி.

பழகவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறிய பிறகு, கறுவல் தயிர் சாதத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாமி எனக்குப் போன் செய்தார். நான் குப்பத்திலிருந்து வேகவைத்த மீன் வாங்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு ஓடினேன். மாமிக்கு அந்த வாடை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கதவைத் திறந்தவர் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னார்: "நீங்க வாசல்ல வச்சுப் போடுங்கோ. நான் உள்ளே பெருமாளைப் பாத்துண்டு நிக்கறேன். அது வயிறு நெறையட்டும்."

அளவெடுத்தல்

எங்கள் கூண்டுகளைச் செய்பவர் ஏழுமலை. சிந்தாதிரிப்பேட்டையில் மரப்பட்டறை. அவர் வீடும் அந்தப் பக்கத்தில் கூவம் கரையில்தான் இருந்தது. இப்போது கரையைக் காலி செய்து குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வேலை செய்கிறார். கறுவலை அளக்க அவரை மாமி வீட்டுக்கு அழைத்துப் போனேன். நாய் கூண்டுக்குள் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், முழுதாகத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும், நாலு பக்கமும் காற்று வர வேண்டும். இல்லையென்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னேன்.

ஏழுமலை டேப்பைப் பிடித்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் அளந்தார். கறுவல் அவர் காதை நக்கியது. சிரித்துக்கொண்டே அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, அளவைவிட நான்கு விரற்கடை அதிகமாகவே வைத்துக் குறித்துக்கொண்டார். "இன்னா சார் ரூலு இது, சோக்கா கீது. நிக்கணுமாம், திரும்பணுமாம், காத்து வரணுமாம். எங்கள லாரில ஏத்திக்கினு போனாங்களே, அன்னிக்கு எவனாவது டேப் புட்ச்சானா? போட்டும், நம்ம நாலு கால் நைனாவாவது காலை நீட்டிக்கினு போவட்டும்."

பிறந்த நாடு

கறுவலுக்குச் சிப் வைத்து, புது ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. வருஷம் தவறாமல் போட்ட ஊசியெல்லாம் வீண் போகவில்லை, தேவைக்கு மேலேயே எதிர்ப்புச் சக்தி இருந்தது. அட்டையில் செல்லாத கணக்கு உடம்பில் இருந்திருக்கிறது. மூன்று மாதமும் ஓடிவிட்டது. புறப்பட அனுமதிச் சான்றுக்கு விவரங்களைச் சரிபார்க்க அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே பனி கொட்டுகிறதாம், மகன் ஐந்து சட்டை போடச் சொல்கிறானாம்.

நாயின் பெயர் கறுவல், நிறம் கறுப்பு, இனம் நாட்டு நாய், பிறந்த நாடு இந்தியா என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். உரிமையாளர் எந்த நாட்டுக் குடிமகள் என்று இருந்த இடத்தில் நின்றுவிட்டேன். இலங்கைக் காகிதம் அவரிடம் எதுவும் இல்லை. இந்தியாவில் இத்தனை வருஷம் இருந்தும் இந்தியர் இல்லை. புது நாடு இன்னும் கொடுக்கவில்லை. இங்கே பிறந்த மகனுக்கே இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அக்கா அந்தப் பக்கம் சிரித்துவிட்டார். "அதை ஒண்டும் எழுதாம விடுங்கோ தம்பி. எங்கட குடும்பத்தில இந்தியன் எண்டு இருக்கிறது கறுவல் ஒருத்தன்தான்."

வீட்டை

கறுவல் ஆள் துணையில்லாமல் சரக்காகப் போயிற்று. மாமி நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினார். அது போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. சிப் எண் படிக்காமல் போகலாம், ஒரு முத்திரை மங்கலாக இருக்கலாம், ஏதோ ஒரு அதிகாரிக்கு அன்று தலைவலியாக இருக்கலாம். அப்படி ஏதாவது நடந்தால் நாயை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்காவால் இங்கே திரும்பி வரவும் முடியாது. அகதிகளுக்கு இங்கே தருகிற வெளியேறும் அனுமதியில் போனவர்களுக்குப் பின்னால் கதவு மூடிவிடும்.

போன் வந்தது. எடுத்ததும் நாய் குரைப்புத்தான் கேட்டது. அதற்குப் பின்னால் அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அங்கே விலங்கு அதிகாரி ஒரு பெண்ணாம். கம்பி வழியாகக் கருவியை நாயின் கழுத்தில் வைத்துச் சிப் எண்ணைப் பார்த்தாராம், காகிதத்தைப் பார்த்தாராம், பிறகு கூண்டைத் திறந்துவிட்டாராம். கறுவல் வழுக்கும் தரையில் நாலு காலும் நாலு பக்கம் போக ஓடிவந்து அக்காவை மல்லாக்கத் தள்ளிவிட்டதாம். மாமிக்கும் ஏழுமலைக்கும் எனக்கும் தன் உயிர் உள்ளவரை நன்றி என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். 'வீட்டுக்கு' என்பதை அவர் 'வீட்டை' என்றுதான் சொல்வார். "தம்பி, அந்த அதிகாரிப் பிள்ளை கடைசியா என்ன சொன்னது தெரியுமோ? 'எல்லாம் சரி, வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ' எண்டது. மகன்தான் தமிழில சொல்லித் தந்தவன். எனக்கு இந்த வயசு வரைக்கும் எந்தக் கந்தோருக்கு, எந்த ஆபீசுக்குப் போனாலும் 'பிறகு வாங்கோ' எண்டுதான் சொல்லியிருக்கினம். வீட்டை போ எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை."

என் பயணிகள் யாரும் இதுவரை வாயைத் திறந்து நன்றி சொன்னவர்கள் இல்லை, வாலை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பழக்கதோஷத்தில் நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.