ரெண்டு ஏழு

டைட்டஸை எனக்குப் பிடிக்காது. களியக்காவிளையில் அவன் பட்டறைக்கு அடுத்த கடை என்னுடையது. பதினோரு வருடமாக அந்த மை நாற்றத்தையும் அவன் வாயையும் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷார்ஜாவில் பதினெட்டு வருடம் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை பார்த்தவன். கல்யாணப் பை அடிக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். பழைய சினிமாக்களுக்குத் தானே படம் வரைந்து, நிறத்துக்கு ஒரு வலைத்துணிச் சட்டம் என்று வைத்துப் போஸ்டர் அடிப்பான். ஒரு படத்துக்கு ஐம்பதுதான். கீழே பென்சிலால் 1/50, 2/50 என்று நம்பர். ஐம்பது முடிந்ததும் சட்டங்களில் உள்ள படத்தைக் கழுவி அழித்துவிடுவான். அந்தப் போஸ்டரை வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டவும் ஆள் இருக்கிறது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

போன மாதம் ஆரல்வாய்மொழி சுயம்புராஜ் வந்தார். டைட்டஸ் அடித்த ஒன்றையும் விடாமல் சேர்ப்பவர். சத்தம் கேட்டு நான் போனபோது ஒரே பேய்ப்படப் போஸ்டர் இரண்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டிலும் 7/50.

“ஒண்ணு உம்மகிட்ட வாங்கினது. மத்தது மார்த்தாண்டத்தில ஒருத்தன்கிட்ட வாங்கினேன். கள்ளத்தனமா எத்தனை அடிச்சீரு ஓய்?”

“அம்பது. ஒண்ணு கூடியிருந்தா எனக்க கை அழுகிப் போவட்டும்.”

“போஸ்டர் வாங்கின அத்தனை பேருக்கும் குரூப்பில போட்டோ அனுப்பியாச்சு. இனி ஒருத்தன் உம்ம படி ஏறமாட்டான்.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். டைட்டஸின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நம்பரை விட்டால் அவனிடம் வேறொன்றும் கிடையாது.

“இஞ்ச தாரும், பாக்கட்டு,” என்று கை நீட்டினான்.

“கள்ளச் சரக்கைப் பாக்கணுமோ?” மார்த்தாண்டத்தில் வாங்கியதை நாலாகக் கிழித்து அவன் காலடியில் எறிந்தார் சுயம்புராஜ்.

நம்பர் இருந்த துண்டை டைட்டஸ் எடுத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“ஓய், இது ஏழில்ல. அரபியில ஆறு இப்பிடித்தான் இருக்கும். நம்பர் போடும்ப ஷார்ஜா முதலாளி போன்ல வந்தாரு. அவருகிட்ட அரபி பேசிட்டே எழுதியிருக்கேன். ஆறாம் நம்பர் ஆருகிட்ட உண்டுன்னு ஒம்ம குரூப்பில கேளும்.”

சுயம்புராஜ் கேட்டார். பதில்கள் வரிசையாக வந்தன. ஆறாம் நம்பர் யாரிடமும் இல்லை.

அவர் குத்தவைத்துத் துண்டுகளைப் பொறுக்கினார். மேசையில் ஒட்டவைத்துப் பார்த்தார். பேயின் மூக்கு சேரவே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“டைட்டசு, ஒண்ணே ஒண்ணு அடிச்சுத் தருவீரா? ஆருக்கும் தெரியாண்டாம்.”

“இதையும் குரூப்பில போடும் ஓய்,” என்றான் டைட்டஸ்.